டீசல் குடிக்கும் டபள் கெப்: நுவரெலியா–கண்டி வீதியில் ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, டபள் கெப், 4×4, ஐந்து கியர் மெனுவல். எஞ்சின் 2,494 சிசி, 2கேடி-எஃப்டிவி வகை, கொமன் ரெயில் டீசல் (உயர் அழுத்தப் பொதுக்குழாய் ஒன்றிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை). கந்தப்பளைப் பக்கத்தில் லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு கண்டிக்கு இறங்கும். திரும்பும்போது உரமோ கோழி எருவோ ஏற்றிக்கொண்டு மேலே வரும். முறைப்பாடு ஒன்றுதான்: முன்பு லீற்றருக்கு ஒன்பதரை கிலோமீற்றர் ஓடிய வண்டி இப்போது ஏழைத் தாண்டுவதே பெரும்பாடு.

டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியவில்லை. கரும்புகை இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆவதிலும் தகராறு இல்லை. ஏற்றத்தில் முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகக் கியர் இறக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டுமே சாரதி கூடுதலாகச் சொன்னது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றினால் சரியாகும் என்று ஓரிடத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கொமன் ரெயில் வண்டியில் அது லட்சக்கணக்கில் போகும் வேலை. புகையும் இல்லை, நடுக்கமும் இல்லை, ஸ்டார்ட்டிங் கோளாறும் இல்லை என்னும்போது இன்ஜெக்டரிலிருந்து தொடங்குவது தலைகீழான வரிசை.

மலை எடுத்துக்கொள்ளும் பங்கு

மலைநாட்டில் வண்டி டீசல் குடிக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் மலையின் கணக்கைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். பேராதனை, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக ஏ5 வீதியில் 77 கிலோமீற்றர் அளவு தூரம். உயர வித்தியாசம் 1,370 மீற்றர் என்று வைப்போம். வெறும் வண்டி 1,850 கிலோ, ஆட்கள் இருவர் 150 கிலோ, எருமூட்டை 600 கிலோ. மொத்தம் 2,600 கிலோ.

இந்த எடையை 1,370 மீற்றர் தூக்க 35 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் இருப்பது 36 மெகாஜூல். அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரம்வரை போய்ச் சேரும், அதாவது 12 மெகாஜூல். ஆகவே ஏறுவதற்கென்றே மூன்று லீற்றர் டீசல் கூடுதலாக எரியும். சமதரையில் 77 கிலோமீற்றருக்கு ஏழு லீற்றர் எரிக்கும் வண்டி இந்த ஏற்றத்தில் பத்து லீற்றர் எரிக்கிறது என்றால், அதாவது லீற்றருக்கு 7.7 கிலோமீற்றர் என்றால், அந்த வண்டியில் எந்தப் பழுதும் இல்லை. இறங்கும்போது இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், முழுதும் கிடைக்காது. பிரேக்கில் சூடாகப் போனது போனதுதான்.

இதனால்தான் ஏற்றத்தை மட்டும் அளப்பதும் இறக்கத்தை மட்டும் அளப்பதும் வீண். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து அளந்தால்தான் உயரக் கணக்கு கழிந்துபோகும். ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் ஏற்றும் சுமை கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும் ஓட்டங்களையே ஒப்பிட வேண்டும். மேலே வெறுமையாக வந்த வாரத்தையும் எருவோடு வந்த வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

அளக்கும் முறையில் இன்னொரு சிக்கல். "ஐயாயிரத்துக்கு அடிங்க" என்று காசுக் கணக்கில் அடித்து, அது எத்தனை நாள் வந்தது என்று பார்ப்பது இங்கு வழக்கம். எரிபொருள் விலை மாதாமாதம் திருத்தப்படும் நாட்டில் அந்தக் கணக்கு எதையும் காட்டாது. ஒரே ஷெட், ஒரே பம்ப், வண்டி ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பம்ப் நொசல் முதல் தடவை தானாக வெட்டியதும் நிறுத்திவிட வேண்டும். டீசல் நுரைக்கும். நுரை அடங்கியதும் மேலும் அடித்தால் ஒரு லீற்றர் முன்பின் ஆகிவிடும். இருபது லீற்றர் ஓட்டத்தில் ஒரு லீற்றர் என்பது ஐந்து சதவீதப் பிழை. அறுபது லீற்றர்வரை ஓடவிட்டு அளந்தால் அதே பிழை இரண்டு சதவீதத்துக்குள் அடங்கும்.

இப்படி அளந்தபோது ஓடோமீற்றர் கணக்கில் லீற்றருக்கு 7.2 கிலோமீற்றர் வந்தது.

ஓடோமீற்றர் சொல்லும் பொய்

வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போதே தெரிந்த விடயம் டயர். கம்பனியிலிருந்து வந்தது 255/70ஆர்15. இப்போது ரிம்மோடு மாற்றி 265/70ஆர்16 போட்டிருந்தது, முரட்டுப் பட்டன் வைத்த ஓல்-டெரெய்ன் வகை. பழைய டயரின் விட்டம் 738 மில்லிமீற்றர், புதியது 777. வித்தியாசம் 5.3 சதவீதம். சக்கரம் ஒரு சுற்றுக்கு அவ்வளவு கூடுதல் தூரம் ஓடுகிறது, ஓடோமீற்றருக்கு அது தெரியாது. வீதியோரக் கிலோமீற்றர் கற்களோடு ஒப்பிட்டபோது 20 கிலோமீற்றருக்கு ஓடோமீற்றர் 19 தான் காட்டியது.

எனவே 7.2 என்பது உண்மையில் 7.6. குறைந்துபோனதாகச் சொன்ன 2.3 கிலோமீற்றரில் 0.4 காணாமல் போகவே இல்லை. இதைத் திருத்தாமல் பழுது தேடினால் இல்லாத நோய்க்கும் சேர்த்து மருந்து வாங்க வேண்டிவரும். கைபேசி ஜிபிஎஸ்ஸை வைத்தும் பார்க்கலாம். ஆனால் றம்பொடைக் கொண்டைஊசி வளைவுகளில் அது மூலையை வெட்டிக் கணக்கெடுப்பதால் தூரம் சற்றுக் குறைவாக வரும். கற்களே நல்லது.

சீக்கிரமாகக் கியர் இறக்க வேண்டியிருக்கிறது என்று சாரதி சொன்னதற்கும் காரணம் இந்த டயர்தான். டயர் பெரிதானால் எல்லாக் கியரும் ஐந்து சதவீதம் நீண்டதாகிவிடும். மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இரண்டாம் கியர் கேட்கும். எஞ்சின் இழுவை குறைந்துவிட்டது என்று தோன்றும், குறைந்திருக்காது.

காற்று 24 பிஎஸ்ஐ மட்டும் இருந்தது. தோட்டப் பாதையில் குலுக்கல் குறையட்டும் என்று வேண்டுமென்றே இறக்கியது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, சுமைக்குரிய வரியைப் பார்த்து ஏற்றப்பட்டது. மலையேறினால் டயரில் காற்று கூடிவிடும், அதனால் குறைத்து அடிக்க வேண்டும் என்றொரு நம்பிக்கை இங்கு இருக்கிறது. பாதி உண்மை. வெளிக்காற்றின் அழுத்தம் கொழும்பில் 101 கிலோபாஸ்கல், நுவரெலியாவில் 81 அளவு. அதனால் மட்டும் கேஜில் மூன்று பிஎஸ்ஐ கூடும். ஆனால் 31 டிகிரி வெயிலிலிருந்து 14 டிகிரிக் குளிருக்கு வரும்போது டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி இரண்டரை பிஎஸ்ஐ குறைகிறது. ஒன்றையொன்று கழித்தால் அரை பிஎஸ்ஐ கூட மிஞ்சாது.

இன்ஜெக்டர்: விலக்கியது எப்படி

ஏற்கெனவே குற்றஞ்சாட்டப்பட்டது என்பதால் இதைப் பார்த்துவிடுவது அவசியமாயிற்று. ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) செய்யும் திருத்த அளவு தெரியும். ஐடிலிங்கில் எஞ்சின் சீராக ஓட வேண்டும் என்று எந்தச் சிலிண்டருக்குக் கூட்டிக் கொடுக்கிறது, எதற்குக் குறைத்துக் கொடுக்கிறது என்பதே அந்த எண். நான்கும் பூச்சியத்தைச் சுற்றிக் கூட்டல் கழித்தல் ஒன்றரைக்குள் இருந்தன. மூன்றைத் தாண்டினால் சந்தேகப்படலாம்.

இந்த எண் ஐடிலிங்கில் நடப்பதை மட்டுமே சொல்லும், சுமையில் நடப்பதைச் சொல்லாது. ஆகவே இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கு சிறு போத்தல்களில் தனித்தனியாகப் பிடித்தும் பார்க்கப்பட்டது. தேய்ந்த இன்ஜெக்டர் பக்கத்துப் போத்தலைவிட இரண்டு மூன்று மடங்கு நிரப்பும். இங்கே நான்கும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இன்ஜெக்டர் கதை அத்தோடு முடிந்தது.

குளிர்ந்தே ஓடும் எஞ்சின்

இன்ஜெக்டர் எண்களைப் பார்க்க ஸ்கேனரை மாட்டியபோதுதான் விடயம் பிடிபட்டது. கூலன்ட் சூடு ஏறுமுகத்தில், அதுவும் சுமையோடு, 74 டிகிரி. லபுக்கலையிலிருந்து இறங்கும்போது 58 வரை விழுந்தது. எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தேர்மோஸ்டட். இந்த எஞ்சினில் அது திறக்கத் தொடங்குவதே 80க்கும் 84க்கும் இடையில்தான். அதற்குக் கீழே எஞ்சின் இவ்வளவு நேரம் நிற்கிறது என்றால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வால்வே இல்லாமல் இருக்க வேண்டும்.

டாஷ்போர்டு முள் இதைக் காட்டிக் கொடுக்கவில்லை. நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அமைதியாக நின்றது. சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் சாரதி பயந்துவிடக் கூடாது என்று, நடுவில் அகலமான ஓர் இடைவெளிக்குள் முள் அசையாதபடியே இப்படிப்பட்ட கேஜ்களைச் செய்கிறார்கள். டீசல் செலவைத் தேடுகிறவர் முள்ளை நம்பக் கூடாது, எண்ணைப் பார்க்க வேண்டும்.

கேட்டபோது சாரதி சொன்னார்: "றம்பொடைக்கு மேல ஒருக்கா ரேடியேட்டர் கொதிச்சிருச்சு அண்ணே. அப்பதான் கராஜில வால்வைக் கழட்டிப் போட்டாங்க. அன்னையில இருந்து சூடே ஏறல. நல்லதுதானே?"

நல்லதல்ல. தேர்மோஸ்டட் இல்லாவிட்டால் கூலன்ட் ஓயாமல் ரேடியேட்டருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கொழும்பு வெயிலில் எஞ்சின் எப்படியோ 75, 80 என்று தட்டுத்தடுமாறிப் போய்விடும், பெரிய வித்தியாசம் தெரியாது. வருடத்தின் சராசரி வெப்பமே 16 டிகிரி அளவில் இருக்கும் நுவரெலியாவில் அப்படியில்லை. இறக்கத்தில் கியரில் இறங்கும்போது இன்ஜெக்டர்கள் டீசலை அறவே நிறுத்திவிடும். எரிவதே இல்லை, குளிர்காற்று மட்டும் ரேடியேட்டரில் அடிக்கும். அரைமணி நேர இறக்கத்தில் எஞ்சின் காலையில் ஸ்டார்ட் பண்ணியது போல ஆகிவிடும்.

குளிர்ந்த எஞ்சின் ஏன் கூடுதலாகக் குடிக்கிறது? முதல் காரணம் ஒயில். 15டபிள்யு-40 ஒயிலின் பிசுக்கு 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் அளவு. 40 டிகிரியில் அது 100ஐத் தாண்டும். இடையில் 60 டிகிரியில் இருக்கும் ஒயில், 90இல் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பானது. பிஸ்டன், பெயாரிங், ஒயில் பம்ப் எல்லாம் அந்தக் கூழுக்குள் இழுபட வேண்டும். இரண்டாவது, ஈசியூவுக்குத் தெரிவது சென்சர் சொல்வது மட்டுமே. 58 டிகிரி என்றால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எடுத்துக்கொண்டு ஐடிலிங்கைக் கூட்டும், டீசல் அடிக்கும் நேரத்தை மாற்றும். மூன்றாவது, எரியும் சூட்டில் பெரும்பங்கு குளிர்ந்த சிலிண்டர் சுவருக்குள் போய்விடும், பிஸ்டனைத் தள்ளுவதற்கு மிஞ்சுவது குறைவு. எரியாத டீசல் ஒயிலில் கலந்து சிலிண்டரைத் தேய்ப்பது இதற்கு மேலதிக நட்டம். அது டீசல் பில்லில் வராது, எஞ்சின் பிரிக்கும் நாளில் வரும்.

ஆனால் புதுத் தேர்மோஸ்டட்டைப் போட்டு அனுப்பிவிட்டால் அடுத்த ஓட்டத்திலேயே றம்பொடையில் மறுபடி கொதிக்கும். முதலில் கொதித்தது ஏன் என்பதற்கு விடை தேடாமல் வால்வைக் கழற்றியதே இந்தக் கோளாறின் பிறப்பு. விடை ரேடியேட்டர் மூடியில் இருந்தது. மூடியில் 108 கிலோபாஸ்கல் என்று பொறித்திருந்தது. கைப்பம்ப் டெஸ்டரில் மாட்டிப் பார்த்தால் 30க்கு மேல் தாங்கவில்லை. ரப்பர் வளையம் கல்லாகி, ஓரத்தில் வெடித்திருந்தது.

உயரத்தில் இந்த மூடியின் வேலை இரட்டிப்பு முக்கியம். நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். நல்ல மூடி 108 கிலோபாஸ்கல் பிடித்தால் கொதிநிலை 119 வரை ஏறும், பயமில்லை. 30 மட்டும் பிடிக்கும் மூடியோடு 102ஐ ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். சுமையோடு ஏறும்போது ரேடியேட்டரில் 95 இருந்தாலும், சிலிண்டர் ஹெட்டுக்குள் எக்ஸோஸ்ட் வால்வைச் சுற்றிய இடங்களில் அதைத் தாண்டும். அங்கேதான் முதல் குமிழி எழும்பும், பிறகு எல்லாம் ஒன்றாகப் பொங்கும். போதாததற்கு உள்ளே வெறும் தண்ணீர். கூலன்ட் கலக்கப்படவில்லை. ரேடியேட்டர் முகத்தில் சேறும் புல்லும் அடைத்து, கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குக் காற்றே போகாத நிலை.

செய்த வேலை: ரேடியேட்டரின் பின்புறமிருந்து முன்புறமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவியது. பிரஷர் வொஷரை நேராகப் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். விசிறியின் விஸ்கஸ் கிளச்சைச் சூட்டில் கையால் சுழற்றிப் பார்த்ததில் நல்ல பிடிப்பு இருந்தது, தொடவில்லை. உள்ளே பழைய தண்ணீரை இறக்கி, துருநீர் போகும்வரை அலசி, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து ஊற்றியது. புது மூடி. புதுத் தேர்மோஸ்டட், புது கஸ்கட்.

தேர்மோஸ்டட்டை மாட்டுமுன் சோதிக்க வேண்டும், புதிதாக வாங்கியதாயினும் சரி. நூலில் கட்டி, தெர்மோமீற்றரோடு தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்கினால் 80க்கும் 84க்கும் இடையில் திறக்கத் தொடங்க வேண்டும். 95 டிகிரியில் 10 மில்லிமீற்றராவது திறந்திருக்க வேண்டும் என்பது மீதி விதி. அதை நுவரெலியாவில் தண்ணீரில் வைத்துப் பார்க்க முடியாது, தண்ணீர் 94ஐத் தாண்டாது. கொஞ்சம் கூலன்ட் கலந்துகொண்டால் தாண்டும், ஆனால் அதன்பின் அந்தப் பாத்திரம் குசினிக்குத் திரும்பக் கூடாது, கூலன்ட் நஞ்சு.

மாட்டும்போது காற்று வெளியேறும் குட்டி வால்வு மேல்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிறகு வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் ஐடிலிங்கில் ஓடவிட வேண்டும். தேர்மோஸ்டட் திறந்ததும் மட்டம் சட்டென்று விழும். அப்போது நிரப்பி மூட வேண்டும். காற்றுக்குமிழி உள்ளே தங்கினால் சென்சர் பொய் சொல்லும், ஹெட்டும் வெந்துபோகும்.

மாற்றியபின் ஏற்றத்தில் 88, இறக்கத்தில் 80க்குக் கீழே விழவில்லை. திருத்திய கணக்கில் லீற்றருக்கு 8.3.

பிரேக்: ஏறியபின் தொட்டுப் பார்

இன்னும் மிச்சம் இருந்தது. பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கப் பலர் செய்யும் தவறு, இறங்கி வந்தபின் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பது. இறங்கியபின் நான்குமே கொதிக்கும், எதுவும் விளங்காது. ஏறி முடித்தபின் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் பிரேக்கைத் தொடும் வேலையே இல்லை. அப்போது சூடாக இருக்கும் சக்கரம் தானாகப் பிடிக்கிறது. லேசர் தெர்மோமீற்றரில் முன் வலது டிஸ்க் 46 டிகிரி, முன் இடது 118.

எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கத் தொழில்நுட்பக் கருவி எதுவும் வேண்டாம். கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு போதும். வண்டியை ஜெக்கில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, டயர்ப் பட்டனைச் சுற்றிக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, தராசின் கொக்கியில் மாட்டிச் சீராக இழுத்தால், சக்கரம் சுழலும்போது தராசு காட்டும் கிலோவே வீதியில் அந்தச் சக்கரம் இழுக்கும் தடை. மற்றச் சக்கரங்களுக்கு அடை வைக்காமல் இதைச் செய்யவே கூடாது. பின் சக்கரங்களுக்கு இரண்டையும் ஒன்றாகத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

முன் வலது 3 கிலோ, முன் இடது 9. பின் வலது 2, பின் இடது 6. ஆரோக்கியமான பக்கத்தோடு ஒப்பிட்டால் கூடுதல் தடை பத்து கிலோ, அதாவது ஏறக்குறைய 100 நியூட்டன். 100 கிலோமீற்றர் தூரம் 100 நியூட்டனை இழுத்தால் 10 மெகாஜூல், முன்சொன்ன 12 மெகாஜூல் கணக்கில் 0.8 லீற்றருக்கு மேல் டீசல். சாரதியின் காலுக்கு இந்தத் தடை தெரியவே தெரியாது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும் அளவுக்கும் போகவில்லை.

முன் இடதில் பழுது கலிப்பரிலா (பிஸ்டனால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பகுதி), பிரேக் குழாயிலா? பழைய ரப்பர் குழாய் உள்ளே வீங்கினால் எண்ணெயைப் போகவிடும், திரும்ப விடாது. பிரேக்கை ஒரு தரம் மிதித்து விட்டு, சக்கரம் பிடித்திருக்கும்போதே பிளீடர் ஆணியை (கலிப்பரில் எண்ணெய் வெளியேற்றும் ஆணி) திறந்தால் விளங்கும். சக்கரம் விடுபட்டால் குழாய் அல்லது மாஸ்டர் சிலிண்டர். விடுபடாவிட்டால் கலிப்பர் பிஸ்டன். இங்கே விடுபடவில்லை. கழற்றிப் பார்த்தபோது தூசு மறைப்பு ரப்பர் கருகிக் கிழிந்திருந்தது, பிஸ்டன் விளிம்பில் துரு வளையம். சீல் கிட், புதுப் பிஸ்டன், ரப்பருக்கு உரிய சிவப்புக் கிரீஸ் (சாதாரணக் கிரீஸ் பட்டால் சீல் ஊதிவிடும்), டொட்-3 எண்ணெய் முழுதாக மாற்றம். வலப்பக்கத்தையும் சேர்த்தே செய்தது, அதன் ரப்பரும் அதே வயதுதான்.

பின் இடதில் ஹேன்ட்பிரேக் கேபிளைக் கழற்றியதும் சக்கரம் விடுபட்டது. உறைக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்த கேபிள். விடியவிடிய மழையிலும் பனியிலும் சரிவில் ஹேன்ட்பிரேக் போட்டு நிறுத்தும் ஊரில் இது புதுமையில்லை. எண்ணெய் ஊற்றி அசைத்தெடுத்தால் சில மாதம் ஓடும். மாற்றிவிடுவதே வேலை.

கலிப்பர் ரப்பர் கருகியதற்குக் காரணம் ஓட்டும் முறை. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் சாரதிக்கு இருந்தது. நடப்பது நேர்மாறு. நியூட்ரலில் எஞ்சின் ஐடிலிங் ஓடிக்கொண்டே இருக்கும், மணிக்கு முக்கால் லீற்றர் அளவு எரியும். கியரில் இறங்கினால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும், டீசல் பூச்சியம். ஏக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஸ்கேனரில் இன்ஜெக்ஷன் அளவு சுழிக்குப் போவதைச் சாரதிக்கே காட்டியபின்தான் அவர் நம்பினார். சுமையோடு 2,800 கிலோ வண்டி நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கு 900 மீற்றர் இறங்கினால் 25 மெகாஜூல் எங்காவது போயாக வேண்டும். பாதியை டயரும் காற்றும் தின்னும், மற்றப் பாதியை எஞ்சினுக்குக் கொடுக்காவிட்டால் முழுதும் பிரேக்குக்குத்தான். பிரேக் எண்ணெய் கொதித்துப் பெடல் தரைக்கு இறங்கும் ஆபத்து வேறு. டீசல் கணக்கே இல்லாவிட்டாலும் இது ஒன்றுக்காகவே அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குவது பழைய லொறிக்காரர் விதி, கொமன் ரெயிலுக்கும் அது பொருந்தும்.

பிரேக் வேலைக்குப்பின் 8.9.

மற்றவை

எயார் ஃபில்டர் அடைப்பு, மாற்றியாயிற்று. டீசல் ஃபில்டரின் அடியில் கொஞ்சம் தண்ணீர், இறக்கியாயிற்று. எக்ஸோஸ்ட் புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வில் கரி இருந்தாலும் ஊசி முழுதாக மூடியது, துப்புரவோடு விட்டது. டேர்போவிலிருந்து வரும் குழாய்களில் ஒயில் கசிந்த அடையாளம் எங்கும் இல்லை. மேலே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், கீழே தெரியாத சிறு காற்றுக்கசிவுகூட லபுக்கலைக்கு மேலே இழுவையில் தெரிந்துவிடும். அதற்காகவே பார்த்தது.

4×4 லீவரையும் கவனிக்க வேண்டும். மூடுபனியும் மழையுமாக இருக்கும்போது தார் வீதியிலும் 4எச்சில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு மறந்துவிடுகிறவர்கள் உண்டு. இந்த வண்டியில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃப்ரன்ஷல் இல்லை. கொண்டைஊசி வளைவில் நான்கு சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, டயரும் தேயும், டீசலும் போகும். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. முன் அச்சும் ஒழுங்காக விடுபட்டது. எலைன்மன்டில் டோ (முன் சக்கரங்கள் உள்ளோ வெளியோ பார்த்திருக்கும் அளவு) சற்று வெளியே இருந்தது, சரிசெய்யப்பட்டது.

எல்லாம் சேர்த்து 9.1. நூறு கிலோமீற்றருக்கு 13.2 லீற்றர் எரித்த வண்டி இப்போது 11 எரிக்கிறது. கண்டிக்குப் போய்வரும் 154 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய மூன்றரை லீற்றர் மிச்சம். போட்ட பாகங்கள்: ஒரு மூடி, ஒரு தேர்மோஸ்டட், கூலன்ட், இரண்டு சீல் கிட், ஒரு பிஸ்டன், ஒரு கேபிள், ஒரு ஃபில்டர். இன்ஜெக்டர் எதிலும் கை வைக்கவில்லை.

பழைய ஒன்பதரைக்கு இன்னும் 0.4 குறைகிறது. அது டயரின் பங்கு: எடை கூடியது, அகலம் கூடியது, முரட்டுப் பட்டன். தோட்டப் பாதைச் சேற்றுக்கு அந்தப் பட்டன் வேண்டும் என்பதால் உரிமையாளர் மாற்ற விரும்பவில்லை, நியாயமான முடிவு. அந்த டயர் இருக்கும்வரை ஓடோமீற்றர் தூரத்தை 1.053ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நல்ல வண்டியிலும் கணக்கு 8.6 என்றே வரும். சேர்விஸ் தவணைக்கும் இது பொருந்தும்: ஓடோமீற்றரில் 5,000 என்று ஒயில் மாற்றும்போது வண்டி உண்மையில் 5,260 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கும், ஆகவே 4,750இலேயே மாற்றும்படி கண்ணாடி ஓரத்து ஸ்டிக்கரில் எழுதி ஒட்டப்பட்டது.